கொறிக்கும் வேலைக்கு வந்தவர்கள்: தென்னாசியச் சிறு பாலூட்டிகளும் ஸ்ரீபெரும்புதூர் மண்ணும்

ஸ்ரீபெரும்புதூர் என்றால் இன்று கார்த் தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஏரிப் பாசன வயல்களும் புதர்க்காடும் மேய்ச்சல் நிலமுமாக இருந்த வட்டாரம் சிப்காட் வளாகங்களின் வரிசையாகிவிட்டது. ஆனால் நிலவியலாளர்களிடம் இந்த ஊர்ப்பெயர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. சென்னைக்கு மேற்கே தரைக்கடியில் கிடக்கும் ஒரு பாறைத் தொகுதிக்கு ‘ஸ்ரீபெரும்புதூர் படிவு’ என்றே பெயர். 1863ஆம் ஆண்டு மே 30 அன்று பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், இந்தப் படிவுகளையும் ஆராய்ந்து எழுதியவர். இதில் பதிந்திருந்த இலைத் தடங்களை ஓட்டோ ஃபைஸ்ட்மான்டெல் 1879இல் விவரித்தார். டைலோஃபில்லம் போன்ற, இன்றைய சைக்கஸ் மரத்தை ஒத்த தாவரங்கள் அவை.

அந்தக் களிப்பாறையில் எலியைத் தேடிப் பயனில்லை. அது முற்காலக் கிரெட்டேசியப் பாறை. வயது பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல். உலகில் இதுவரை கிடைத்துள்ள மிகப் பழைய கொறிணி எச்சங்களோ சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. ஸ்ரீபெரும்புதூர்ச் சேறு படிந்தபோது எலியும் இல்லை, அணிலும் இல்லை. ஆனால் எலியளவு பாலூட்டிகள் அப்போதும் உலகெங்கும் இருந்தன. அவை யார்? எலிகள் எப்போது வந்தன? இன்று ஒரகடத்து வரப்பில் வளை தோண்டும் வரப்பெலியின் முன்னோர்களைப் பற்றி இந்தியத் துணைக்கண்டத்துப் பாறைகள் என்ன சொல்கின்றன? கடந்த ஐம்பதாண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு பதில் திரள்கிறது. சிறிய உடலோடு விதையையும் வேரையும் கொறித்துத் தின்னும் பிழைப்பு மிகப் பழையது. அந்தப் பிழைப்பை மேற்கொண்ட குலங்கள்தாம் மாறி மாறி வந்திருக்கின்றன. தொழிற்பேட்டைப் பாஷையில் சொன்னால், வேலை நிரந்தரம்; ஆள் ஒப்பந்தம்.

பல்லே சாட்சி

யானையின் தொடையெலும்பு மண்ணைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும். எலியின் எலும்பு அப்படிக் கண்ணில் படாது. அதன் கடைவாய்ப்பல் பெரும்பாலும் இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். எனவே சிறு பாலூட்டி ஆய்வு என்பது மண்ணைக் கழுவிச் சலிக்கும் வேலை. புதைபடிவம் இருக்கக்கூடிய களிமண்ணை மூட்டை மூட்டையாக எடுத்து, காயவைத்து, நீரில் ஊறவைத்து, நுண்சல்லடையில் அலசி, எஞ்சும் குருணையை நுண்ணோக்கியின்கீழ் பொறுக்க வேண்டும். டன் கணக்கில் மண்ணை அலசினால் ஒரு கைப்பிடிக்கும் குறைவான பற்கள் கிடைக்கலாம்.

அந்தப் பல் போதும். உடலிலேயே கடினமான பொருள் பற்சிப்பி. எலும்பு கரைந்த மண்ணிலும் அது சில வேளை தங்கிவிடும். மேலும், பாலூட்டியின் பல் இனத்துக்கு இனம் வேறுபடும். கொறிணிக்கு மேலும் கீழும் ஒவ்வோர் இணை வெட்டுப்பல் உண்டு. அவை சாகும்வரை வளரும். பற்சிப்பி முன்பக்கத்தில் மட்டும் இருப்பதால் பின்பக்கம் விரைவில் தேய்ந்து, முனை எப்போதும் உளிபோல் கூராகவே இருக்கும். அதற்குப் பின்னால் ஓர் இடைவெளி. அதன்பின் அரைக்கும் பற்கள். இந்த அமைப்பு இல்லாத மூஞ்சூறும் முள்ளெலியும், பெயரும் தோற்றமும் எப்படி இருந்தாலும், எலிக் கூட்டத்தைச் சேர்ந்தவை அல்ல. பூச்சி தின்னும் அவற்றின் பற்கள் கூர்முனைகளால் ஆனவை. இன்றுள்ள பாலூட்டி இனங்களில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் கொறிணிகள். உளிப் பல் எவ்வளவு கைகொடுத்திருக்கிறது என்பதற்கு இந்த எண்ணே சான்று.

இத்தனை பற்கள் ஓரிடத்தில் எப்படிக் குவிகின்றன? பெரும்பங்கு கூகைகளின் கைங்கரியம். கூகை எலியை முழுதாக விழுங்கி, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். அது தங்கும் குகையிலோ பாறையிடுக்கிலோ தலைமுறை தலைமுறையாக அந்த உருண்டைகள் சேர்ந்து மண்ணோடு கலக்கின்றன. ஆகவே நாம் காணும் புதைபடிவத் தொகுதி கூகையின் உணவுப் பட்டியலே. கூகை பிடிக்காத இனம் அதில் இடம்பெறாது. பற்களின்மேல் செரிமான அமிலம் விட்டுச்சென்ற அரிப்பைக் கொண்டு எந்த வகைப் பறவை தின்றது என்பதைக்கூட ஓரளவு கணிக்க முடியும்.

கொறிணிகளுக்கு முன்னே கொறித்தவை

தென்னிந்தியாவின் பழைய பாலூட்டிச் சான்றுகள் கோதாவரிப் பள்ளத்தாக்கின் கோட்டா படிவிலிருந்து வருகின்றன. ஜுராசிக் காலத்தைச் சேர்ந்த அந்தப் பாறையில் 1981இல் விவரிக்கப்பட்ட கோட்டாதீரியம் ஹால்டேனி, இந்தியக் குடிமகனாகவே மறைந்த உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேனின் பெயரைத் தாங்கியது. அதே கோட்டா படிவிலிருந்து 2013இல் இந்தோபாட்டார் என்ற விலங்கு அறிவிக்கப்பட்டது. இது மல்டிடியூபர்குலேட்டுகள் எனப்படும் குலத்தைச் சேர்ந்தது. அந்தக் குலத்துக்கும் முன்னே பெரிய வெட்டுப்பல், நடுவே இடைவெளி, பின்னே வரிசை வரிசையாகக் குமிழ் கொண்ட அரைக்கும் பற்கள் இருந்தன. பார்வைக்கு எலியேதான்; உறவில் எலிக்கு வெகு தூரம். டைனோசர்களோடு வாழ்ந்து, அவற்றின் அழிவையும் தாண்டி, சுமார் 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை இக்குலம் நீடித்தது. பாலூட்டிக் குலங்களில் மிக நீண்ட காலம் நீடித்தவற்றுள் இதுவும் ஒன்று.

இரண்டாவது எடுத்துக்காட்டு தக்காணத்தில் கிடைத்தது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அலையலையாகப் பாய்ந்து தக்காணப் பீடபூமியை உருவாக்கியது. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட ஓய்வுக் காலங்களில் ஏரிகள் தோன்றின. அவற்றின் சேற்றில் சிற்றுயிர்கள் படிந்தன. இன்றைய தெலங்கானாவின் நஸ்கல் என்ற ஊரருகே அத்தகைய சேற்றுப் பாறையிலிருந்து ஜி.வி.ஆர். பிரசாத்தும் அசோக் சாஹ்னியும் 1988இல் டெக்கானோலெஸ்டஸ் என்ற விலங்கை அறிவித்தனர். இந்தியாவிலிருந்து வந்த முதல் கிரெட்டேசியப் பாலூட்டி அதுதான். மூஞ்சூறு அளவுள்ள பூச்சியுண்ணி. பின்னர் கிடைத்த கணுக்கால் எலும்புகள் அது மரமேறி என்று காட்டின. அதன் காலத்திலேயே தக்காணத்தில் வாழ்ந்த பாரத்தீரியம் 2007இல் விவரிக்கப்பட்டது. இது கோண்ட்வானாத்தீரியக் கூட்டம். உயரமான, தேய்மானத்தைத் தாங்கும் அரைக்கும் பற்கள். கொறிணி என்றே முதலில் எண்ணத் தோன்றும் அமைப்பு. இந்தக் கூட்டத்தின் உறவினர்கள் மடகாஸ்கரிலும் தென்னமெரிக்காவிலும் கிடைத்திருக்கிறார்கள். இந்தத் தெற்கு நிலங்கள் ஒரு காலத்தில் ஒட்டிக்கிடந்தன என்பதற்குக் கடுகளவு பற்களே சாட்சி சொல்கின்றன.

ஆக, கொறிணிகள் பிறப்பதற்கு முன்பே குறைந்தது இரண்டு வெவ்வேறு குலங்கள் கொறிக்கும் வாழ்க்கையைத் தனித்தனியே கண்டடைந்திருந்தன. ஒத்த தேவை ஒத்த உறுப்பைத் தருகிறது. உறவு இருக்க வேண்டியதில்லை. மல்டிடியூபர்குலேட்டுகளைக் கொறிணிகள் போட்டியிட்டு விரட்டினவா, அல்லது காலியான இடத்தில் வந்து அமர்ந்தனவா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. இரண்டும் வட கண்டங்களில் நெடுங்காலம் சேர்ந்தே வாழ்ந்திருக்கின்றன. அதனால் ஒரே மோதலில் முடிந்த கதையாக இது இருக்க வாய்ப்பில்லை.

மோதலுக்குப் பின் வந்த கூட்டம்

இந்தியத் தட்டு தனித் தீவாக வடக்கே நகர்ந்து ஆசியாவைத் தொட்டது ஏறத்தாழ 5 முதல் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. கொறிணிகள் வட கண்டங்களில் தலைகாட்டிய காலமும் அதற்குச் சற்று முன்னதுதான். குஜராத்தின் சூரத் மாவட்டத்தில் உள்ள வஸ்தன் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் இந்தத் தருணத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அங்கே கிடைத்த முற்கால இயோசீன் பாலூட்டிகளில் ஆதி வௌவால்களும் முற்காலக் குரங்கினங்களும் மெல்டிமிஸ் என்ற கொறிணியும் அடக்கம். மெல்டிமிஸின் நெருங்கிய உறவுகள் ஐரோப்பாவில் இருந்தன என்பது ஆய்வாளர்களை வியக்கவைத்தது. ஆசியாவோடு மட்டும் ஒட்டுறவு இருக்கும் என்ற எதிர்பார்ப்பு அங்கே உடைந்தது.

அதற்குச் சில பத்து லட்சம் ஆண்டுகள் பிந்திய ஜம்முவின் காலாகோட் படிவுகளும் பாகிஸ்தானின் அதே காலப் பாறைகளும் வேறு படத்தைத் தருகின்றன. அங்கே ஆதிக்கம் செலுத்தியது, சப்பாத்தியின் பெயரால் 1978இல் சப்பாத்திமிஸ் என்று அழைக்கப்பட்ட விலங்கும் அதன் உறவினர்களும். இவை இந்தத் துணைக்கண்டத்திலேயே கிளைத்துப் பெருகிய கூட்டம். தீவாக வந்த நிலம், கரை தட்டிய சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குள்ளாகவே, விருந்தாளிகளைச் சொந்தக்காரர்களாக்கிவிட்டது.

இந்தப் பழைய கூட்டங்களில் ஒன்று நமக்கு ஒரு பாடமும் வைத்திருந்தது. டயடோமைடே என்ற குடும்பத்தின் பற்கள் சிவாலிக் பாறைகளிலும் கிழக்காசியாவிலும் கிடைத்தன. ஒரு கோடியே பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அது பூண்டற்றுப் போனதாக நம்பப்பட்டது. 2005இல் லாவோஸ் நாட்டுச் சந்தையில் இறைச்சிக்கு விற்கப்பட்ட பாறை எலி ஒன்று புதிய இனமாக விவரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே மேரி டாசன் குழுவினர் அதன் தாடையையும் பல்லையும் புதைபடிவங்களோடு ஒப்பிட்டு, அது அழிந்ததாகக் கருதிய குடும்பத்தின் வாழும் உறுப்பினர் என்று நிறுவினார்கள். அந்த வட்டார மக்கள் அதைக் காலங்காலமாகத் தின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

சிவாலிக் கடிகாரம்

இமயம் உயர உயர அதன் அடிவாரத்தில் வண்டல் படிந்துகொண்டே போனது. அந்தச் சிவாலிக் அடுக்குகளில், குறிப்பாகப் பாகிஸ்தானின் போட்வார் மேட்டுநிலத்தில், கடந்த இரண்டு கோடி ஆண்டுகளுக்கு நெருக்கமான காலத்தின் எலிப் பற்கள் வரிசையாகக் கிடைக்கின்றன. உலகில் இத்தகைய தொடர்ச்சி அரிது. 1977இல் லூயிஸ் ஜேக்கப்ஸ் அங்கிருந்து ஆன்டிமஸ் சின்ஜியென்சிஸ் என்ற விலங்கை விவரித்தார். வயது சுமார் 1.38 கோடி ஆண்டுகள். வீட்டு எலி, சுண்டெலி, பெருச்சாளி எல்லாம் அடங்கும் மியூரினே துணைக்குடும்பத்தின் தொடக்க நிலை இது.

அதன் பல்லில் நடந்தது இதுதான்: மூதாதை எலிகளின் மேல் அரைக்கும் பல்லில் குமிழ்கள் இரண்டு நீள்வரிசையாக இருந்தன. ஆன்டிமஸில் உள்பக்கத்தில் புதுக் குமிழ்கள் முளைத்தன. ஆனால் அவை மற்றவற்றோடு இன்னும் சேரவில்லை. அடுத்த கட்டமான புரோகோனோமிஸில் மூன்று மூன்று குமிழ்கள் குறுக்கே இணைந்து வளைந்த வரப்புகளாகிவிட்டன. இந்த வரப்புகளின்மேல் கீழ்த்தாடை முன்னும் பின்னுமாக ஓடி அரைக்கலாம். பல் மாற்றமும் மெல்லும் முறையும் கைகோத்து வந்தன. அந்த மாற்றத்தின் ஒவ்வொரு படியும் ஒரே இடத்தில், அடுக்குக்கு அடுக்கு பதிவாகியிருக்கிறது.

இதிலிருந்துதான் மூலக்கூறு உயிரியலுக்கு ஒரு கடிகாரம் கிடைத்தது. சுண்டெலியும் எலியும் சுமார் 1.2 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்ற சிவாலிக் கணிப்பை அடிப்படையாக வைத்து எத்தனையோ ஆய்வுகள் மரபணு மாற்றத்தின் வேகத்தைக் கணக்கிட்டன. 2015இல் யூரி கிமுரா குழுவினர் அந்தப் பற்களையே மீண்டும் ஆராய்ந்து, கார்னிமாட்டா என்ற விலங்கு எலியின் பக்கம் சேராது, ஆப்பிரிக்கப் புல்வெளி எலிகளின் கிளையோடுதான் சேரும் என்று காட்டினர். கடிகாரத்தின் முள்ளைத் தவறான எண்ணில் பொருத்தியிருந்தோம் என்று பொருள். ஒரு பல்லின் உறவு மாறினால், அதன்மேல் கட்டிய காலக்கணக்குகள் எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

தட்பவெப்பக் கதையும் இந்தப் பற்களில் உண்டு. 80 முதல் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் சிவாலிக் நிலத்தில் காடு சுருங்கி, வெப்ப மண்டலப் புல் பரவியது. புல்லில் மணற்சத்து அதிகம். பல்லை அது தேய்க்கும். பல எலிக் கூட்டங்களில் பல்லின் உயரம் கூடியது. பற்சிப்பியின் கரிம ஓரிடத்தான்களும் உணவு மாறியதைக் காட்டுகின்றன. மாறிக்கொள்ளாதவை மறைந்தன. ஜம்முவின் ராம்நகரிலிருந்து 2022இல் விவரிக்கப்பட்ட சிவாட்டுபாயா ஒரு மர மூஞ்சூறு, காட்டு விலங்கு. அதன் குலம் வடமேற்கிலிருந்து அற்றுப்போனது. ஆனால் அந்தக் குலத்தின் ஓர் இனமான மூங்கணத்தான் இன்றும் நம் கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழ்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் 1859இல் பிளைத் விவரித்த முள்மயிர் மர எலியும் இப்படித்தான். அதன் குடும்பத்தின் புதைபடிவங்கள் மயோசீன் ஐரோப்பாவிலும் சீனாவிலும் கிடைக்கின்றன. உயிரோடு எஞ்சியவை இங்கும் கிழக்காசியாவிலும் மட்டுமே. வடக்கே பாறையில் இருப்பது தெற்கே மரத்தில் இருக்கிறது.

ஒற்றைப் பல்லின் ஆபத்து

மத்தியப் பிரதேசத்தின் டிக்கி படிவு டிரயாசிக் காலத்தது. 20 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. அங்கிருந்து ஒரே ஒரு மேல்பல்லைக் கொண்டு 2005இல் டிக்கித்தீரியம் கோப்பி விவரிக்கப்பட்டது. காலத்துக்கு மிஞ்சிய நுட்பமான பல் என்பதால் பாலூட்டித் தோற்றக் கட்டுரைகளில் எல்லாம் அது இடம்பிடித்தது. 2024இல் அவெரியானோவும் வோய்ட்டாவும் அந்தப் பல்லின் அமைப்பை ஒப்பிட்டு, அது மிகப் பிந்திய கால மூஞ்சூறு ஒன்றின் பல் என்றும், பழைய படிவில் அது கலந்திருக்க வேண்டும் என்றும் வாதிட்டனர். கடுகளவுப் பொருளை மண்ணிலிருந்து சலித்தெடுக்கும் துறைக்கு இது உடன்பிறந்த இடர். ஓர் இனத்தைப் பல பற்களால், பல இடங்களில், அடுக்கு கலையாத மண்ணிலிருந்து நிறுவும்வரை அதன்மேல் பெரிய கோட்டை கட்டக்கூடாது என்பதே டிக்கித்தீரியம் தந்த பாடம்.

தெற்கின் சன்னல்கள்

தெற்கில் நமக்குள்ள மிகச் சிறந்த சான்று கர்நூல் குகைகள். கேப்டன் நியூபோல்டு 1844இலேயே பில்லாசுரகம் குகையில் எலும்புகள் இருப்பதை எழுதினார். 1880களில் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் அவர் மகன் ஹென்றியும் அங்கே அகழ்ந்தனர். ரிச்சர்ட் லைடெக்கர் எச்சங்களை அடையாளம் கண்டார். வரப்பெலி, வெள்ளெலி, முயல் என நம் வயல்களில் இன்றும் உள்ளவற்றோடு, இப்போது இந்தியாவில் வடகிழக்கில் மட்டுமே வாழும் தூரிகைவால் முள்ளம்பன்றியின் உறவினமும் அவர் பட்டியலில் இருந்தது.

அதே குகையை நவீன காலக்கணிப்போடு மீண்டும் அகழ்ந்த பாட்ரிக் ராபர்ட்ஸ் குழுவினர் 2014இல் வெளியிட்ட முடிவு, இந்தத் துறையின் கேள்வியையே திருப்பிப்போட்டது. அடையாளம் கண்ட 21 பாலூட்டி வகைகளில் 20 வகைகள் குறைந்தது ஒரு லட்சம் ஆண்டுகளாக இங்கே தொடர்ந்து வாழ்ந்து வருகின்றன. சில இரண்டு லட்சம் ஆண்டுகளாக. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெருவிலங்குகள் கூட்டம் கூட்டமாக அழிந்த அதே காலம் அது. இங்கே வறட்சியும் வந்தது, மனிதரும் வந்தனர்; ஆனாலும் ஆள் மாறவில்லை. ஏன்? காடு, புதர், பாறை, புல்வெளி, நீர்நிலை எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் ஒன்றோடொன்று தொடுத்துக் கிடந்ததே காரணம் என்பது அவர்கள் விளக்கம். ஓரிடம் கெட்டால் அடுத்த இடத்துக்கு நகரலாம். நிலைமை சீரானதும் திரும்பலாம்.

இலங்கையின் ஃபாஹியன் குகை மனிதரின் பங்கைக் காட்டுகிறது. சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே வாழ்ந்தவர்கள் குரங்குகளையும் பெரிய அணில்களையும் முதன்மையான வேட்டையாகக் கொண்டிருந்தனர். மழைக்காட்டில் சிறு பாலூட்டிகளை நம்பிப் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ முடிந்திருக்கிறது. வேட்டையாடப்பட்ட இனங்களும் அழிந்துபோகவில்லை.

தமிழ்நாட்டுக்கென்று ஒரு சன்னல் அரியலூர் வட்டாரத்தின் கல்லமேடு படிவு. டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்த அந்த நன்னீர்ப் படிவிலிருந்து ட்ரூடான்டிட் என்ற சிறு டைனோசரின் ஒரு பல் 2013இல் அறிவிக்கப்பட்டது. அந்தக் கூட்டம் தென் கண்டங்களில் இருந்ததே அதுவரை தெரியாது. தமிழ்நாட்டு மண்ணிலும் பொறுமையாகத் தேடினால் உலகக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும் என்பதற்கு அந்த ஒரு பல்லே போதும்.

செம்புரை மண்ணும் தொழிற்பேட்டையும்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் கிரெட்டேசியக் களிப்பாறைக்கு மேலே செம்புரைச் சரளையும் வண்டலும் கிடக்கின்றன. எலிகளின் காலம் இந்த மேலடுக்குகளில்தான் வர வேண்டும். ஆனால் செம்புரை, மழையால் சத்துக் கழுவப்பட்டு இரும்பு தேங்கிய மண். அதன் புளிப்பில் எலும்பு கரைந்துவிடும். கர்நூல் குகை காத்துவைத்தது சுண்ணாம்புப் பாறையின் தயவால். ஆகவே இங்கே தேட வேண்டியது செம்புரையை அல்ல. ஏரிப் படுகைகளின் ஆழ்ந்த களிமண், சுக்கான் உருண்டைகள் கொண்ட வண்டல், பழைய ஓடைக்கரை ஆகியவற்றை. தொழிற்சாலை அடித்தளத்துக்கும் மேம்பாலத் தூணுக்கும் குளம் தூர்வாரலுக்கும் பொக்லைன்கள் நாள்தோறும் தோண்டுவது இவற்றையும்தான். எந்தப் பல்கலைக்கழகத்தின் அகழாய்வு நிதியாலும் திறக்க முடியாத அளவுக்குத் தரை திறக்கப்படுகிறது. லாரியில் ஏறிய மண் அடுக்கின் அடையாளத்தை இழந்துவிடுகிறது. சுற்றுச்சூழல் ஒப்புதலின் நிபந்தனைகளில் ஒன்றாக, ஆழ்தோண்டலின்போது நிலவியல் மாணவர்கள் அடுக்கைப் பதிவுசெய்து சில மூட்டை மண்ணை அலச அனுமதித்தால், செலவு அற்பம். கிடைக்கும் தகவல் வேறெப்படியும் கிடைக்காதது.

நிகழ்காலத்தைப் பதிவுசெய்வதும் அதே அளவுக்கு அவசரம். புதைபடிவ ஆய்வாளர் ஒப்பிடுவது இன்றைய எலும்போடு. காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்ட இருளர்களுக்கு எந்த வளை வரப்பெலியுடையது, எது வெள்ளெலியுடையது, எந்த அறையில் நெல் சேர்ந்திருக்கும், எந்த வாயில் பாம்பு இருக்கும் என்பதெல்லாம் அத்துப்படி. வயலெலி பிடிப்பதும், வளையிலிருந்து நெல்லை மீட்பதும் அவர்களின் பரம்பரைத் தொழில். வயல் மனையாகும் இடத்தில் அந்த அறிவுக்குக் களமே இல்லாமல் போகிறது. கோயில் கோபுரத்திலும் பாழடைந்த கட்டடத்திலும் தங்கும் கூகைகளின் உருண்டைகளை ஆண்டுதோறும் சேகரித்தால், ஒரு வட்டாரத்தின் எலியினங்கள் எப்படிக் கூடிக் குறைகின்றன என்பது பணச்செலவின்றித் தெரியும்.

இந்த வட்டாரத்தில் எலி அழிந்துவிடும் என்று யாரும் அஞ்ச வேண்டாம். வீட்டு எலியின் உலகம் சுற்றிய கிளை இந்தியத் தீபகற்பத்தில் தோன்றியது என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. ரோமானியர் காலத்திலேயே அது ஐரோப்பாவை எட்டிவிட்டது. கிடங்கும் சாக்கடையும் உள்ள இடமெல்லாம் அதற்கும் பெருச்சாளிக்கும் சொந்த ஊர். இழக்கப்போவது மற்றவற்றை: புதரை நம்பிய வெள்ளெலியை, தரிசை நம்பிய முள்ளெலியை, வயலோரச் சுண்டெலியை. கர்நூல் குகை தந்த விடையை இங்கே பொருத்திப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஒரு லட்சம் ஆண்டு வறட்சியிலும் வேட்டையிலும் இந்த இனங்களைக் காத்தது அவற்றின் தனித் திறமை அல்ல, ஏரி–வரப்பு–புதர்–தரிசு என்ற தொடுப்பு. தொழிற்பேட்டை அறுப்பது அந்தத் தொடுப்பைத்தான். ஆலை வளாகங்களுக்கு இடையே ஏரிக் கால்வாய்களையும் அவற்றின் கரைப் புதர்களையும் அறுபடாமல் விடுவது பெரிய தியாகம் அல்ல. வெள்ளம் வடியவும் அது வேண்டியிருக்கிறது. விடாவிட்டால் கொறிக்கும் வேலை நின்றுவிடாது. பல இனங்கள் பகிர்ந்து செய்ததை இரண்டே இனங்கள் செய்யும். அவை இரண்டும் நம் கிடங்குகளிலேயே வாழும்.